மேல்முறையீட்டுக்குப் பாதிப் பணம் கட்டச் சொல்கிறார்கள், என்ன செய்வது?

கேள்வி: கோவையில் சின்னதாக ஒரு ஃபவுண்டரி நடத்துகிறேன். பிரைவேட் லிமிடெட் கம்பெனி, நானும் மனைவியும் இயக்குநர்கள். பம்பு கம்பெனிகளுக்கு வார்ப்பு செய்து கொடுக்கிறோம். ஒரு பெரிய பார்ட்டி பில் பணத்தை இழுத்தடித்ததில் வங்கிக் கணக்கு என்பிஏ (வாராக் கடன்) ஆகிவிட்டது. 2 கோடியே 40 லட்சம் கேட்டு வங்கி நோட்டீஸ் அனுப்பியது. ஃபேக்டரி இடமும், ஜாமீன் போட்ட என் மாமனாருக்குப் பொள்ளாச்சிப் பக்கம் இருக்கும் 3 ஏக்கர் தென்னந்தோப்பும் அடமானத்தில் இருக்கின்றன. இரண்டையும் வங்கி தன் வசம் எடுத்ததாகச் சுவாதீன அறிவிப்பு பேப்பரில் வந்துவிட்டது, ஏல அறிவிப்பு இன்னும் வரவில்லை. கடன் வசூல் தீர்ப்பாயமான டிஆர்டியில் போட்ட மனு தள்ளுபடி ஆகி, உத்தரவு நகல் கைக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. அபராத வட்டியை வங்கி தாறுமாறாகப் போட்டிருப்பதை நீதிபதி பார்க்கவே இல்லை. தோப்பு விவசாய நிலம் என்று சொன்னதற்கு, 'அடமானம் வைத்தபோது தெரியவில்லையா' என்பது போல ஒரே வரியில் முடித்துவிட்டார். சென்னையில் அப்பீல் போட வேண்டுமென்றால் பாதித் தொகை கட்ட வேண்டும் என்கிறார் வக்கீல். அவ்வளவு பணம் இருந்தால் நான் ஏன் கோர்ட்டுக்குப் போகிறேன்? மைத்துனர் 70 லட்சம் வரை புரட்டித் தருகிறேன் என்கிறார். நேராக ஹைகோர்ட் போகலாமா? திவால் வழக்குகளை விசாரிக்கும் என்சிஎல்டிக்குப் போனால் எல்லாம் நின்றுவிடும் என்கிறார் ஆடிட்டர். எது சரி?

பதில்: உங்கள் வக்கீல் சொன்னது சரிதான், ஆனால் முழுவதையும் சொல்லவில்லை. சொல்ல நேரம் இருந்திருக்காது. நான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இந்தக் கட்டத்தில் முடிவெடுக்க உங்களுக்கு மிச்சம் இருப்பது மூன்று வாரம், அதற்குள் 70 லட்சம் ரூபாயை எங்கே வைப்பது என்று தீர்மானிக்க வேண்டும். சட்டப் பாயிண்டுகளை விட அந்தக் கேள்விதான் பெரியது.

முதலில் கணக்கு. அடமானச் சொத்தை வங்கி நீதிமன்றம் போகாமலே எடுத்து விற்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தின் 18-ஆவது பிரிவுப்படி, டிஆர்டி உத்தரவை எதிர்த்து கடன் வசூல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு, நாம் டிஆர்ஏடி என்று சொல்வதற்கு, உத்தரவு கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் போக வேண்டும். கடன்தாரர் போடும் அப்பீல் என்றால் வங்கி கேட்கும் தொகை அல்லது டிஆர்டி நிர்ணயித்த தொகை, இதில் எது குறைவோ அதில் 50 சதவீதம் கட்டினால்தான் விசாரணைக்கே எடுப்பார்கள். உங்கள் வழக்கில் டிஆர்டி தொகை எதையும் நிர்ணயிக்கவில்லை, மனுவைத் தள்ளுபடிதான் செய்திருக்கிறது. அதனால் நோட்டீஸில் வங்கி கேட்ட 2 கோடியே 40 லட்சம்தான் அடிப்படை. பாதி என்றால் 1 கோடியே 20 லட்சம். காரணத்தை எழுத்தில் பதிவு செய்து இதை 25 சதவீதம் வரை குறைக்க டிஆர்ஏடிக்கு அதிகாரம் இருக்கிறது. அதாவது 60 லட்சம். அதற்குக் கீழே ஒரு ரூபாய்கூட குறைக்க முடியாது. முழுத் தள்ளுபடி கிடையாது என்று யூகோ வங்கி வழக்கு ஒன்றில் 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 'அசல் மட்டும் கணக்கில் எடுங்கள், வட்டி வேண்டாம்' என்று வாதாடிப் பார்த்தவர்களுக்கும் 2023-இல் சித்த நீலகண்ட் பேப்பர் வழக்கில் கதவு சாத்தப்பட்டது. வட்டியும் சேர்ந்ததுதான் கடன்.

இது அநியாயம் என்று உங்களுக்குத் தோன்றும். முன்னொரு காலத்தில் இதைவிட மோசம். 2002-இல் சட்டம் வந்தபோது டிஆர்டியில் முதல் மனு போடவே 75 சதவீதம் கட்ட வேண்டும் என்று இருந்தது. மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. முதல் தடவை நீதிமன்றக் கதவைத் தட்டுகிறவனிடம் காசு கேட்காதே, இது அப்பீலே இல்லை, முதல் வழக்கு மாதிரிதான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அரசு அதை ஏற்றுக்கொண்டு முதல் கட்டத்தில் டெபாசிட்டை எடுத்துவிட்டு, அப்பீல் கட்டத்தில் 50 சதவீதத்தைக் கொண்டுவந்து வைத்தது. ஆக, ஒரு தடவை இலவசமாகக் கேட்டாகிவிட்டது, இரண்டாவது தடவைக்குப் பணம் வை என்பதுதான் இன்றைய நிலை. என்னைக் கேட்டால் சின்னக் கம்பெனிகளுக்கு 25 சதவீதத் தரைமட்டமும் அதிகம்தான். அதை மாற்ற வேண்டியது நாடாளுமன்றம், உங்கள் வழக்கில் அது நடக்கப் போவதில்லை.

பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த டெபாசிட் வங்கிக்குப் போகும் பணம் இல்லை. தீர்ப்பாயத்தின் பெயரில் இருக்கும், வழக்கமாக ஏதாவது ஒரு வங்கியில் வைப்புநிதியாகப் போட்டு வைப்பார்கள். அப்பீல் முடிந்ததும், நீங்கள் தோற்றாலும்கூட, அது உங்களுக்குத்தான் திரும்ப வர வேண்டும். ஆக்ஸிஸ் வங்கிக்கும் எஸ்பிஎஸ் ஆர்கானிக்ஸ் என்ற கம்பெனிக்கும் நடந்த வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. அந்த டெபாசிட் அடமானச் சொத்தும் அல்ல, அதன் மேல் வங்கிக்குத் தானாக உரிமையும் கிடையாது. வங்கி முறைப்படி ஜப்தி உத்தரவு வாங்கினாலோ, நீங்களே சம்மதித்தாலோ மட்டும் கதை வேறு. '60 லட்சம் கட்டினால் போச்சு' என்று நினைத்து அப்பீலைக் கைவிட்டவர்கள் நிறையப் பேர். போகாது, முடங்கும். ஆனால் கடன் வாங்கிய பணம் முடங்கினால் மைத்துனருக்கு வட்டி ஓடும், அதையும் கணக்கில் எடுங்கள்.

சரி, கட்டுவதற்கு முன்னால் கேட்க வேண்டியது: கட்டினால் ஜெயிக்கிற வழக்கா? நீங்கள் எழுதியதை வைத்துச் சொன்னால் உங்களிடம் இருப்பது ஒரு வழக்கு அல்ல, இரண்டு. ஃபேக்டரி வழக்கு ஒன்று, தோப்பு வழக்கு ஒன்று. இரண்டின் பலமும் ஒன்றல்ல.

ஃபேக்டரி விஷயத்தில் உங்கள் குறை அபராத வட்டி. குறை நியாயமாகவே இருக்கலாம். அபராதத்தை வட்டியாகப் போடாதே, கட்டணமாகப் போடு, அதன் மேல் வட்டி ஏற்றாதே என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் சுற்றறிக்கை விட்டது, 2024-இல் அது நடைமுறைக்கு வந்தது. உங்கள் ஸ்டேட்மெண்டில் அதற்குப் பிறகும் பழைய மாதிரி போட்டிருந்தால் கண்டிப்பாகக் கேள்வி கேட்கலாம். ஆனால் சர்ஃபேசி மனுவில் டிஆர்டி பார்ப்பது வங்கி எடுத்த நடவடிக்கை சட்டப்படி நடந்ததா என்பதைத்தான். 2 கோடியே 40 லட்சத்தில் 11 லட்சம் தப்பு என்று நீங்கள் நிரூபித்தாலும், மீதிக் கடனுக்கு நடவடிக்கை செல்லும். கணக்குச் சண்டைக்கு இடம் வேறு. கடனை வசூலிக்க வங்கி டிஆர்டியில் ஓ.ஏ. என்னும் மூல மனு போட்டால் அதில் எதிர்வாதமாக வைக்கலாம், செட்டில்மென்ட் பேசும்போது வைக்கலாம். அங்கே அது நல்ல ஆயுதம். அப்பீலில் அதையே முதல் பாயிண்டாக வைத்தால் நீதிபதியின் கவனம் பத்து நிமிடத்தில் போய்விடும்.

நடவடிக்கையில் ஓட்டை என்றால் இந்த மாதிரி: 60 நாள் அவகாச நோட்டீஸ் எல்லா ஜாமீன்தாரருக்கும் முறைப்படி போய்ச் சேர்ந்ததா, தவணை 90 நாள் பாக்கியாகும் முன்பே என்பிஏ என்று முத்திரை குத்திவிட்டார்களா, சுவாதீனம் எடுத்த 7 நாளுக்குள் இரண்டு பத்திரிகைகளில், அதில் ஒன்று தமிழில், அறிவிப்பு வந்ததா, நோட்டீஸுக்கு நீங்கள் எழுதிய ஆட்சேபணைக்கு 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் வந்ததா. கடைசியாகச் சொன்னதைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பதில் சொல்வது கட்டாயம் என்று 2018-இல் புளூ கோஸ்ட் ஹோட்டல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எல்லா வக்கீல்களும் அந்த வரியை மேற்கோள் காட்டுவோம். அதே வழக்கில், வங்கி பல தடவை கால அவகாசம் கொடுத்துப் பேசியிருக்கிறது, அதனால் பதில் சொல்லாதது இங்கே பெரிய பாதிப்பு இல்லை என்று சொல்லி வங்கிக்குத்தான் சாதகமாக முடிந்தது. நீங்கள் இடையில் ஐந்தாறு தடவை அவகாசம் கேட்டு எழுதியிருந்தால் உங்களுக்கும் அதே பதில்தான் வரும். கடிதத்தில் இந்த மாதிரி ஓட்டை எதையும் நீங்கள் குறிப்பிடவில்லை. இருந்திருந்தால் அதைத்தான் முதலில் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஆகவே ஃபேக்டரி பாகம் பலவீனம்.

தோப்புக்கு வருவோம். இங்கேதான் உங்கள் அப்பீலின் உயிர் இருக்கிறது. சர்ஃபேசி சட்டத்தின் 31(ஐ) பிரிவு, விவசாய நிலத்தின் மேல் உள்ள அடமானத்துக்கு இந்தச் சட்டமே பொருந்தாது என்கிறது. அடமானம் வைத்தபோது நீங்கள் சொல்லவில்லை என்பது இதற்குப் பதில் ஆகாது. சட்டம் பொருந்தாத இடத்தில் சம்மதத்தால் சட்டத்தைப் பொருத்த முடியாது. உத்தரவில் அந்த ஒரே வரிதான் இருக்கிறது என்றால், டிஆர்டி கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவே இல்லை என்று வாதாட நல்ல இடம்.

ஆனால் வங்கித் தரப்பு சும்மா இருக்காது. பட்டாவில் புஞ்சை என்று இருந்தால் மட்டும் போதாது, உண்மையில் விவசாயம் நடந்ததா என்று பார் என்பது புளூ கோஸ்ட் தீர்ப்பிலேயே இருக்கிறது. 2023-இல் ரௌஸ் கன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ் வழக்கில், விவசாய நிலம் என்று சொல்கிறவன்தான் நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பொறுப்பைக் கடன்தாரர் தலையில் வைத்தது. அதனால் உங்களுக்குத் தேவை அடங்கல், அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் கிராமக் கணக்கு. அதுவும் இப்போது கிராம நிர்வாக அலுவலரிடம் புதிதாக வாங்கும் ஒரு சான்றிதழ் அல்ல. அடமானப் பத்திரம் எழுதிய தேதி எந்தப் பசலியில் (வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டு) வருகிறதோ அந்தப் பசலியின் அடங்கல், அதற்கு முன்னும் பின்னும் இரண்டு மூன்று வருடத்துக்கு. தென்னை என்று பயிர்க் கலத்தில் எழுதியிருக்க வேண்டும், பரப்பும் சர்வே நம்பரும் அடமானப் பத்திரத்தோடு ஒத்துப்போக வேண்டும். உட்பிரிவு ஆகியிருந்தால் பழைய நம்பர், புது நம்பர் இரண்டுக்கும் தொடர்பு காட்டும் ஆவணம் வேண்டும். தோட்டத்து மின் இணைப்பு விவசாய இணைப்பாக இருந்தால் அந்த அட்டை, தேங்காய் விற்ற ரசீது, மாமனாரின் வருமான வரிக் கணக்கில் விவசாய வருமானம் காட்டியிருந்தால் அது. இவ்வளவும் சேர்ந்தால் வங்கி வக்கீலுக்கு வேலை கஷ்டம்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். கடன் கொடுக்கும்போது வங்கி பேனல் மதிப்பீட்டாளர் ஒரு ரிப்போர்ட் எழுதியிருப்பார். அதில் 'தென்னை மரங்கள் உள்ளன' என்று எழுதியிருந்தால் உங்கள் வழக்கின் பாதியை வங்கியே எழுதிக் கொடுத்த மாதிரி. 'வீட்டுமனை ஆக்கத்தக்க காலி இடம்' என்று எழுதியிருந்தால், அதன் அடியில் மாமனார் கையெழுத்தும் இருந்தால், சிக்கல். டிஆர்டி ஃபைலில் வங்கி தாக்கல் செய்த ஆவணத் தொகுப்பில் அது இருக்கிறதா என்று இன்றைக்கே வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடங்கலை டிஆர்டியிலேயே தாக்கல் செய்திருந்தீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. செய்திருந்தால், கையில் இருந்த ஆவணத்தை நீதிபதி பார்க்கவில்லை என்பதே உங்கள் முதல் பாயிண்ட். செய்யவில்லை என்றால் அப்பீலோடு கூடுதல் ஆவணம் சேர்க்க ஒரு தனி மனு போட வேண்டும், ஏன் அப்போதே போடவில்லை என்பதற்கு நம்பும்படி காரணம் சொல்ல வேண்டும். அப்பீல் என்பது வழக்கை முதலிலிருந்து மறுபடி நடத்துவது அல்ல. கீழே என்ன வைத்தீர்களோ அதை வைத்துத்தான் பெரும்பாலும் பேச முடியும். டிஆர்டி கட்டத்தில் 'எப்படியும் ஸ்டே வாங்கினால் போதும்' என்று ரெண்டு பக்க மனுவோடு போகிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள்.

தோப்பில் ஜெயித்தால் என்ன கிடைக்கும் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். தோப்பு சர்ஃபேசி பிடியிலிருந்து வெளியே வரும். கடன் போகாது, அடமானமும் போகாது, மாமனாரின் ஜாமீனும் போகாது. வங்கி 20 லட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்கு டிஆர்டியில் ஓ.ஏ. போட்டு, வசூல் சான்றிதழ் வாங்கி, அந்த வழியில் அதே தோப்பின் மேல் வரலாம். அதற்கு நாளாகும், அங்கே உங்கள் அபராத வட்டிக் கணக்குக்கும் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். வங்கிக்கு அது பிடிக்காத பாதை. பேச்சுவார்த்தையில் உங்கள் கை ஓங்குவது அதனால்தான்.

மாமனார் தனியாக அப்பீல் போட்டால் டெபாசிட் இல்லாமல் போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள், எல்லோரும் கேட்பார்கள். முடியாது. இந்தச் சட்டத்தில் 'கடன்தாரர்' என்ற சொல்லுக்குள் ஜாமீன் போட்டவரும், இன்னொருவர் கடனுக்குத் தன் சொத்தை அடமானம் வைத்தவரும் அடக்கம். கம்பெனியும் நீங்களும் மாமனாரும் சேர்ந்து ஒரே அப்பீலாகப் போடுவதுதான் சிக்கனம். ஆனால் தோப்பு பாயிண்டை அவர் பெயரில், அவருடைய பிரமாணப் பத்திரத்தில் வையுங்கள். நிலம் அவருடையது, பயிர் வைத்தவர் அவர். உங்கள் வாயால் அது வந்தால் ஜோடித்த கதை மாதிரி இருக்கும்.

ஹைகோர்ட் விஷயம் சுருக்கமாக. சட்டத்தில் அப்பீல் வழி இருக்கும்போது ரிட் மனுவை (நேராக உயர் நீதிமன்றத்தில் போடும் மனு) எடுக்காதே என்று 2010-இலிருந்து உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றங்களைத் திரும்பத் திரும்பக் கண்டித்துக்கொண்டிருக்கிறது. டெபாசிட்டைத் தவிர்க்க ரிட் என்றால் முதல் கேள்வியிலேயே அது தெரிந்துவிடும். கோடக் மஹிந்திரா வங்கி வழக்கொன்றில் 2021-இல், ஹைகோர்ட்டே முழு டெபாசிட்டையும் தள்ளுபடி செய்ய முடியாது என்றும் ஆகிவிட்டது. டிஆர்ஏடி தலைவர் பதவி காலியாக இருந்து கேட்க ஆளே இல்லாத சமயத்தில் இடைக்காலப் பாதுகாப்புக்கு மட்டும் சென்னை உயர் நீதிமன்றம் போகலாம். டிஆர்ஏடி உத்தரவு வந்த பிறகு அதில் பெரிய தவறு இருந்தால் உயர் நீதிமன்றத்தின் மேற்பார்வை அதிகாரத்தைச் சொல்லும் அரசியலமைப்பின் 227-ஆவது பிரிவில் போகலாம். அது வேறு கட்டம். இப்போது ரிட்டுக்காக மூன்று வாரத்தைத் தின்றுவிட்டால், 30 நாளும் போய், தாமத மன்னிப்பு மனுவோடுதான் டிஆர்ஏடிக்கு வருவீர்கள். தாமதத்தை மன்னிக்க அவர்களுக்கு அதிகாரம் இருப்பதாக 2015-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது, உண்மை. அந்த இடைவெளியில் ஏலத் தேதி வந்து போனால் மன்னிப்பு எதற்கு உதவும்?

ஆடிட்டர் சொல்லும் என்சிஎல்டி. கம்பெனியே தன்மேல் திவால் நடவடிக்கை கேட்டு மனு போடலாம், பாக்கி 1 கோடிக்கு மேல் இருப்பதால் வாசல் திறந்திருக்கிறது. மனு அனுமதிக்கப்பட்டால் மொரட்டோரியம் (வசூல் நடவடிக்கைகளுக்கான தடைக்காலம்) வரும், கம்பெனி சொத்தின் மேல் சர்ஃபேசி நடவடிக்கை நிற்கும். 'எல்லாம் நின்றுவிடும்' என்பதில் எல்லாம் என்ற சொல்தான் தப்பு. ஜாமீன்தாரர் சொத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது என்று ஸ்டேட் வங்கி வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, அதே வருடம் சட்டத்திலும் திருத்தம் வந்தது. ஃபேக்டரி நிற்கும், வங்கி முழுக் கவனத்தையும் தோப்பின் மேல் திருப்பும். மருமகன் கம்பெனியைக் காப்பாற்றப் போய் மாமனாரின் தோப்பு முதலில் போகும் நிலைமை வீட்டில் எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அதுபோக, மனு அனுமதியான நாளிலிருந்து ஃபவுண்டரி உங்கள் கையில் இருக்காது, தீர்வு நிபுணர் ஒருவர் கையில் போகும். சிறு தொழில் என்பதால் நீங்களே தீர்வுத் திட்டம் கொடுத்துத் திரும்ப எடுக்கலாம், அந்தச் சலுகை உண்டு. ஆனால் அதற்கும் பணம் வேண்டும். உங்களுக்கு இருக்கும் ஒரே ஆதாரம் மைத்துனரின் 70 லட்சம் என்னும்போது இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். என்சிஎல்டி உத்தரவுக்கு எதிரான அப்பீலில் முன்பணம் கிடையாது என்று ஆடிட்டர் சொல்லியிருப்பார், அது சரிதான். ஆனால் அங்கே காலக்கெடு இரும்பு: 30 நாள், மிஞ்சினால் இன்னும் 15 நாள், அதற்கு மேல் யாராலும் நீட்டிக்க முடியாது, அதுவும் உத்தரவு சொன்ன நாளிலிருந்தே ஓடத் தொடங்கும்.

இனி நான் உங்கள் இடத்தில் இருந்தால் என்ன செய்வேன்.

அப்பீல் போடுவேன். தோப்பை முதலில் வைத்து, ஃபேக்டரியைப் பின்னால் சுருக்கமாக வைத்து. கூடவே இரண்டு மனு: டெபாசிட்டை 25 சதவீதமாகக் குறைக்கக் கேட்டு ஒன்று, ஏல நடவடிக்கைக்குத் தடை கேட்டு ஒன்று. டெபாசிட் கட்டிவிட்டால் தடை தானாக வந்துவிடும் என்று நினைக்காதீர்கள், அது தனியாகக் கேட்டு வாங்க வேண்டியது. நீங்கள் வருவீர்கள் என்று வங்கிக்குத் தெரியும், பெரும்பாலும் கேவியட் (எங்களைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்ற முன்மனு) போட்டு வைத்திருப்பார்கள், அதனால் முதல் நாளே எதிர்த்தரப்பு வக்கீல் நிற்பார். ஒருதலைப்பட்சமாகத் தடை வாங்கிவிடலாம் என்ற கணக்கு வேண்டாம்.

குறைப்பு மனுவை நம்மில் பலர் அலட்சியமாக எழுதுகிறோம். 'மனுதாரர் கடும் நிதி நெருக்கடியில் உள்ளார்' என்று ஒரு பத்தி. அது எல்லா மனுவிலும் இருக்கிறது. காரணத்தை எழுத்தில் பதிவு செய்துதான் குறைக்க முடியும் என்று சட்டம் சொல்லும்போது, அந்தக் காரணத்தை நீதிபதிக்கு நாம்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். மூன்று வருட பேலன்ஸ் ஷீட், ஜிஎஸ்டி கணக்கு, அந்தப் பெரிய பார்ட்டி தர வேண்டிய பாக்கிக்கான பில்களும் அதை வசூலிக்க நீங்கள் எடுத்த முயற்சியும், இப்போது எத்தனை பேருக்குச் சம்பளம் கொடுக்கிறீர்கள் என்பதற்கு பிஎஃப் ரசீது. அதோடு தோப்பு பாயிண்ட் எவ்வளவு பலமானது என்பதையும் இந்த மனுவிலேயே அரைப் பக்கத்தில் சொல்லிவிடுங்கள். மேலோட்டமாகப் பார்த்தாலே வழக்கில் சத்து இருக்கிறது என்று தோன்றினால் 50-க்கும் 25-க்கும் இடையில் கை கீழே இறங்கும். 60 லட்சம் என்று உத்தரவு வந்தால் கட்ட வேண்டிய தேதியையும் கொடுப்பார்கள். அந்தத் தேதி தவறினால் அப்பீல் போய்விடும். மைத்துனரிடம் 'புரட்டித் தருகிறேன்' என்பதற்கு அர்த்தம் என்ன, எந்தத் தேதிக்கு எவ்வளவு என்று இப்போதே தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள்.

அதே வாரத்தில் வங்கிக்கு ஓடிஎஸ் (ஒரே தடவையில் பேசித் தீர்க்கும் செட்டில்மென்ட்) கேட்டு எழுதுவேன். ஏல அறிவிப்பு இன்னும் வரவில்லை என்பது உங்கள் பெரிய அதிர்ஷ்டம். முன்பெல்லாம் விற்பனை முடியும் வரை முழுக் கடனையும் கட்டிச் சொத்தை மீட்கலாம். 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகும் தேதியோடு அந்த உரிமை முடிகிறது. செலிர் வழக்கில் 2023-இல் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகவே உறுதி செய்தது, அதன் பிறகு பணத்தோடு போய் நின்றாலும் வங்கி வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஓடிஎஸ் உங்கள் உரிமை அல்ல, வங்கியைக் கட்டாயப்படுத்த எந்த நீதிமன்றத்தாலும் முடியாது என்பதும் 2021-லேயே தீர்ந்த விஷயம். அதனால் கெஞ்சுகிற கடிதம் வேண்டாம், கணக்கு உள்ள கடிதம் எழுதுங்கள்: எவ்வளவு, எந்தத் தேதிகளில், பணம் எங்கிருந்து வரும். அபராத வட்டி எவ்வளவு தப்பாக ஏறியிருக்கிறது என்று ஆடிட்டர் போட்ட அட்டவணையை இணையுங்கள், ஆடிட்டருக்கு என்சிஎல்டியை விட இது உருப்படியான வேலை. கடிதத்தின் தலையிலேயே 'எங்கள் வழக்கின் உரிமைகளுக்குப் பாதகமின்றி' என்று போடச் சொல்லுங்கள். அது இல்லாமல் 2 கோடியே 40 லட்சத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டால், அடுத்த வாய்தாவில் வங்கி அதைத்தான் முதலில் காட்டும்.

இப்போது அந்த 60 லட்சம். அப்பீலில் கட்டினால் ஓடிஎஸ்ஸுக்கு முன்பணம் இல்லை, ஓடிஎஸ்ஸுக்குக் கொடுத்தால் அப்பீலுக்கு இல்லை என்று நீங்கள் குழம்பியிருப்பீர்கள். இரண்டுக்கும் ஒரே பணம் போதும். டிஆர்ஏடியில் கட்டிவிட்டு, வங்கியிடம் 'தீர்ப்பாயத்தில் இருக்கும் தொகையை செட்டில்மென்ட்டின் முதல் தவணையாக எடுத்துக்கொள்ள நாங்கள் சம்மதிக்கிறோம்' என்று ஓடிஎஸ் கடிதத்தில் எழுதுங்கள். ஒத்துவந்தால் இரு தரப்பும் கூட்டு மெமோ தாக்கல் செய்து, தொகையை வங்கிக்கு விடுவிக்கச் சொல்லி அப்பீலை முடித்துக்கொள்ளலாம். வங்கி அதிகாரி கோணத்தில் பாருங்கள்: 60 லட்சம் ஏற்கெனவே ஒரு இடத்தில் ரொக்கமாக உட்கார்ந்திருக்கிறது, வழக்கு தொடர்ந்தால் அது தனக்கு வராது, தோப்பும் கைநழுவலாம். வெறுங்கையோடு வந்து நிற்கும் கடன்தாரரின் ஓடிஎஸ் கடிதத்தை விட இந்தக் கடிதத்தை மேலிடத்துக்கு அனுப்ப அவருக்குக் காரணம் இருக்கிறது. மிச்சம் 10 லட்சத்தை வைத்துக்கொள்ளுங்கள், கோர்ட் ஃபீஸும் வக்கீல் ஃபீஸும் சென்னைக்குப் போய் வரும் செலவும் இருக்கிறது.

ஒரே ஒரு சூழ்நிலையில் மட்டும் நான் இந்த வழியில் போக மாட்டேன். அடங்கலில் தென்னை இல்லை, தரிசு என்று இருக்கிறது, அல்லது தோப்பே அடமானத்துக்குப் பிறகுதான் வைத்தது என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் அப்பீலில் சத்து இல்லை. அந்த 70 லட்சத்தையும் நேராக ஓடிஎஸ் முன்பணமாக வைத்து, தோப்பில் ஒரு ஏக்கரை வங்கி சம்மதத்தோடு நீங்களே நல்ல விலைக்கு விற்று மீதியைக் கட்டப் பாருங்கள். ஏலத்தில் போகும் விலையை விடப் பெரும்பாலும் கூடக் கிடைக்கும். இதையும் ஏல அறிவிப்புக்கு முன்னால்தான் பேச முடியும்.

சிறு தொழில்களுக்குத் தனி மறுசீரமைப்புத் திட்டம் இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். 2015-லிருந்து இருக்கிறது, வங்கிகளைக் கட்டுப்படுத்தவும் செய்யும். ஆனால் கணக்கு என்பிஏ ஆகும் முன்பே நீங்கள் கேட்டிருக்க வேண்டும் என்று 2024-இல் புரோ நிட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்போது வங்கிக்கு அப்படி ஏதும் எழுதியிருந்தால் அந்தக் கடிதத்தையும் வக்கீலிடம் கொடுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

நாளைக் காலை மாமனாரைக் கூட்டிக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடம் போய் அந்தப் பசலி அடங்கலுக்கு மனு கொடுங்கள், அவரிடம் பழைய கணக்கு இல்லையென்றால் தாலுகா அலுவலகத்தில் கேளுங்கள். டிஆர்டி உத்தரவு எந்தத் தேதியில் எப்படிக் கைக்கு வந்தது என்பதற்கான தபால் உறையையோ மின்னஞ்சலையோ பத்திரமாக வையுங்கள், 30 நாள் கணக்கை வங்கி கேள்வி கேட்டால் அதுதான் சாட்சி. வக்கீலிடம் போகும்போது 60 நாள் நோட்டீஸ், உங்கள் ஆட்சேபணை, வங்கியின் பதில், பேப்பரில் வந்த சுவாதீன அறிவிப்பின் முழுப் பக்கம் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துப் போங்கள். ஏல அறிவிப்பு எந்த நாளும் வரலாம் என்பதால், அப்பீலை 29-ஆம் நாள் வரை இழுக்காமல் அடங்கல் கைக்கு வந்த உடனே தாக்கல் செய்யச் சொல்லுங்கள்.